‘ஒரு மாதிரி இருந்துச்சு மேம்’: மைண்ட்ஃபுல்னெஸ் ஆசிரியர்களுக்கான ஒரு பயிற்சி வகுப்பின் மதிப்புரை

கடந்த ஆண்டின் பிற்பகுதியில், மைண்ட்ஃபுல்னெஸ், அதாவது இந்தக் கணத்தில் நடப்பதை எடைபோடாமல் கவனிக்கும் பயிற்சியைக் கற்பிப்பவர்களுக்காக இணையவழியில் நடந்த எட்டு வாரப் பயிற்சி வகுப்பு ஒன்றில் சேர்ந்து முடித்தேன். தியானத்தை வழிநடத்துவது எப்படி என்பது அந்த வகுப்பின் பாடமே இல்லை. தியானம் முடிந்து மாணவர்கள் கண் திறந்த பின், அவர்களுக்கும் ஆசிரியருக்கும் இடையே நடக்கும் பத்து இருபது நிமிட உரையாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, எட்டு வாரமும் அதிலேயே நின்றார்கள். இந்த உரையாடலுக்கு அத்துறையில் ‘இன்குவயரி’ என்று பெயர். நான் ஒரு செவிலியர் கல்லூரியில் உளவியலும் மனநலச் செவிலியமும் கற்பிப்பவள். நான்கு ஆண்டுகளாக மாணவிகளுக்கு வாரம் ஒருமுறை மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பும் எடுத்துவருகிறேன். பயிற்சியை நடத்துவதில் எனக்கு ஓரளவு தன்னம்பிக்கை இருந்தது. பயிற்சி முடிந்து மணி அடித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் ஒவ்வொரு வாரமும் தடுமாறினேன். அந்தத் தடுமாற்றம் தீரும் என்று நம்பியே பணம் கட்டினேன். எந்த அளவுக்குத் தீர்ந்தது என்பதை இங்கு எழுதுகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டியிருப்பதால் நடத்திய நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்; இதே வடிவில் வகுப்பு நடத்துவோர் வேறு சிலரும் இருப்பதால், அவற்றில் எதில் சேர நினைப்பவருக்கும் இது பயன்படக்கூடும்.

இன்குவயரி என்றதும் நம்மில் பலருக்குத் திருவண்ணாமலையும் ரமணரின் ஆன்ம விசாரமும் நினைவுக்கு வரும். இரண்டும் வேறு. ரமணர் காட்டிய விசாரம், ‘நான்’ என்ற எண்ணம் எங்கிருந்து எழுகிறது என்பதை ஒருவர் தமக்குள்ளேயே தேடிச் செல்வது. இங்கே பேசப்படுவது, 1979-இல் ஜான் கபட்-ஜின் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் தொடங்கிய மனஅழுத்தக் குறைப்பு வகுப்பிலும், பின்னர் ஜின்டல் சீகல், மார்க் வில்லியம்ஸ், ஜான் டீஸ்டேல் ஆகிய மூவரும் திரும்பத் திரும்ப வரும் மனச்சோர்வு நோய்க்கென உருவாக்கிய எட்டு வாரச் சிகிச்சை முறையிலும் வளர்ந்த ஒரு கற்பித்தல் வழி. ஒவ்வொரு பயிற்சியும் முடிந்தவுடன், ஆசிரியர் எதையும் விளக்குவதற்கு முன், கற்பவர் தாம் கண்டதைத் தம் சொற்களில் சொல்ல இடம் தருகிறார்கள். ஆசிரியர் கேட்கும் ஓரிரு கேள்விகள் அந்தச் சொற்களை இன்னும் கொஞ்சம் துல்லியமாக்குகின்றன. ஆசிரியர்களின் திறனை அளக்க பாங்கர், எக்ஸிடர், ஆக்ஸ்ஃபர்ட் பல்கலைக்கழகங்களின் மைண்ட்ஃபுல்னெஸ் மையங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘எம்பிஐ டேக்’ என்னும் மதிப்பீட்டு முறையில் ஆறு களங்கள் உண்டு. இந்த உரையாடல் அவற்றில் ஐந்தாவது களத்தில் வருகிறது. நான் அறிந்த ஆசிரியர்கள் அனைவரும் அஞ்சுவது இந்தக் களத்தைத்தான்.

வகுப்பின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வாரம் ஒரு நாள் ஜூமில் இரண்டரை மணி நேரம். இந்திய நேரப்படி இரவு ஏழரைக்குத் தொடங்கிப் பத்துக்கு முடியும். இரண்டு பயிற்றுநர்கள், பதினெட்டுப் பங்கேற்பாளர்கள். அவர்களில் இந்தியாவிலிருந்து நால்வர், தமிழில் கற்பிப்பவள் நான் ஒருத்தி மட்டுமே. எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பு ஒன்றை முன்பே மாணவராக முடித்திருக்க வேண்டும், அன்றாடப் பயிற்சி இருக்க வேண்டும் என்பவை சேர்வதற்கான நிபந்தனைகள். தனி மேற்பார்வை (நாம் எடுத்த வகுப்பின் பதிவை வைத்து மேற்பார்வையாளரோடு தனியே பேசுவது) மூன்று மணி நேரத்தையும் சேர்த்துக் கட்டணம் ஏறத்தாழ 40,000 ரூபாய். கல்லூரிச் சம்பளத்தில் இது சிறிய தொகை அன்று. நிர்வாகத்தில் குறை ஒன்றும் இல்லை. இறுதியில் கிடைப்பது பங்கேற்புச் சான்றிதழ்தானே ஒழிய, கற்பிக்கும் தகுதிச் சான்றிதழ் அன்று என்பதை முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் இரண்டு வாரங்கள், ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்த மூன்று வட்டங்களைச் சுற்றியே நடந்தன. உள் வட்டத்தில் நேரடி அனுபவம் இருக்கிறது: உடலில் என்ன இருந்தது, என்ன எண்ணம் வந்தது, என்ன உணர்ச்சி எழுந்தது. நடு வட்டத்தில், அந்த அனுபவம் வந்தபோது அவர் அதை என்ன செய்தார் என்பது: பிடித்து வைத்துக்கொண்டாரா, விலக்கித் தள்ளினாரா, வேறெங்காவது ஓடினாரா. வெளி வட்டத்தில், இவையெல்லாம் அவருடைய அன்றாட வாழ்க்கையோடும் அந்த வாரப் பாடத்தோடும் எங்கே தொடுகின்றன என்பது. எட்டு வார வகுப்புகளின் முதல் நாளில் ஓர் உலர்திராட்சையைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று உண்ணும் பயிற்சி உண்டு. அது முடிந்ததும் ஒருவர், ‘நாம் எவ்வளவு அவசரமாகச் சாப்பிடுகிறோம் என்று புரிந்தது’ என்பார். இது வெளி வட்டத்துப் பேச்சு. ஆசிரியருக்கு இது மிகவும் பிடித்த பதில், ஏனென்றால் அவர் சொல்ல நினைத்ததை மாணவரே சொல்லிவிட்டார். ஆனால் அந்த மனிதர் திராட்சையின் தோலை நாவில் உணர்ந்தாரா, விழுங்கும் முன் ஓர் அவசரம் எழுந்ததா, எழுந்ததென்றால் உடலில் எங்கே எழுந்தது என்பதெல்லாம் இன்னும் தெரியாது. அதை அவரும் பார்க்கவில்லை. அறிவுரையாக முன்பே தெரிந்திருந்த ஒன்றை மறுபடி சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். நான்கு ஆண்டுகளாக என் வகுப்பில் நான் செய்துவந்தது, இந்த வெளி வட்டத்தில் தொடங்கி அங்கேயே முடிப்பது என்பது இரண்டாம் வாரத்தில் எனக்கு விளங்கியது. மாணவிகளின் பதில்கள் அழகாக இருந்ததற்கும், பயிற்சி அவர்களிடம் ஒட்டாமல் போனதற்கும் காரணம் ஒன்றே.

இந்த வகுப்பின் உண்மையான மதிப்பு மூவர் குழுக்களில் இருக்கிறது. கட்டணத்தில் பெரும்பகுதியை அதற்காகவே தரலாம். ஒவ்வொரு வாரமும் மூவர் தனி அறைக்கு அனுப்பப்படுவார்கள். ஒருவர் ஆசிரியர், ஒருவர் மாணவர், ஒருவர் பார்வையாளர். பத்து நிமிடப் பயிற்சி, அதன்பின் எட்டு நிமிட உரையாடல். பார்வையாளர் பாராட்டவும் கூடாது, குறை கூறவும் கூடாது. தாம் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். என் முதல் முறையில், எட்டு நிமிடத்தில் பதினான்கு கேள்விகள் கேட்டிருந்தேன் என்றும், அவற்றில் ஐந்துக்கு நானே பதிலும் சொல்லியிருந்தேன் என்றும், மாணவராக இருந்தவர் மூச்சு இழுத்துப் பேசத் தொடங்கிய இரண்டு இடங்களில் என் குரல் குறுக்கே வந்தது என்றும் பார்வையாளர் தம் குறிப்பேட்டைப் பார்த்துச் சொன்னார். என் முகம் சிவந்துவிட்டது. பதினைந்து ஆண்டுகளாகக் கற்பிப்பவளுக்கு இதை யாரும் சொன்னதில்லை, ஏனென்றால் என் வகுப்பில் இருப்பவர்கள் எனக்கு மதிப்பெண் இடுபவர்கள் அல்லர். ஏழாம் வாரத்தில் என் கேள்விகள் நான்காகக் குறைந்திருந்தன. இடையில் மௌனம் இருந்தது. அந்த மௌனத்தில் எதிரில் இருப்பவர் தமக்குள் திரும்பிப் பார்ப்பதைக் கண்ணால் காண முடிந்தது.

இது நடைமுறையில் எப்படி மாறியது என்பதற்கு என் வகுப்பிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். மூச்சைக் கவனிக்கும் பயிற்சிக்குப் பின் மிக அதிகமாக வரும் வாக்கியம் இது: “மேம், மனசு எங்கெங்கேயோ போயிருச்சு. நான் சரியா பண்ணல.” முன்பெல்லாம் என் பதில், “பரவாயில்லம்மா, எல்லாருக்கும் அப்படித்தான். போகப் போகச் சரியாயிரும்” என்பது. அன்பான பதில்தான், ஆனால் அதோடு கதவு சாத்தப்பட்டுவிடுகிறது. ஐந்தாம் வாரம் முடிந்தபின் அதே வாக்கியம் வந்தபோது, “போயிருச்சுன்னு எப்பம்மா தெரிஞ்சுது?” என்று கேட்டேன். அவள் யோசித்தாள். “வீட்டுக்குப் போன் பண்ணலையேன்னு நெனச்சுட்டு இருந்தேன் மேம். திடீர்னு, ஐயோ மூச்சைல்ல பாக்கணும்னு தோணுச்சு.” “அந்த ‘ஐயோ’ எப்படி இருந்துச்சு?” “திக்குனு இருந்துச்சு. நெஞ்சுல. யாரோ திட்டுற மாதிரி.” “அப்புறம்?” “அப்புறம் மூச்சைப் பாத்தேன். அது பாட்டுக்கு வந்துட்டுதான் இருந்துச்சு மேம்.” இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் தானாகச் சிரித்தாள், உடன் இருந்தவர்களில் சிலரும் சிரித்தார்கள். மனம் அலைவதும், அலைந்ததை அறிவதும், அறிந்தவுடன் தன்னைத்தானே கடிந்துகொள்வதும், அதற்குள் மூச்சு நிற்காமல் நடந்துகொண்டிருப்பதும் என்று நான் அரை மணி நேரம் கரும்பலகையில் எழுதி விளக்கக்கூடியதை அவள் மூன்று பதில்களில் கண்டுவிட்டாள். நான் செய்யவேண்டியிருந்தது, “வேற யாருக்காவது இந்த ‘ஐயோ’ வந்துச்சா?” என்று மற்றவர்களிடம் திருப்பியது மட்டுமே. ஒருவரோடு ஆழமாகச் செல்வதும் பின் குழுவின் குறுக்கே விரிப்பதும் ஆகிய இரு திசைகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்பது நான்காம் வாரப் பாடம்.

வகுப்பு எனக்குத் தராத ஒன்று மொழி. இதைக் குறையாகச் சொல்வதா என்று தெரியவில்லை. பயிற்றுநர்களுக்குத் தமிழ் தெரியாது, தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் பாடக் குறிப்பில் உள்ள கேள்விகளை அப்படியே தமிழாக்கிக் கேட்டால் அவை வேலை செய்யாது என்பதைச் சேர நினைப்பவர்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். ‘என்ன கவனிச்சீங்க?’ என்பது அங்கே முதல் கேள்வி. நம் வகுப்பறையில் ‘கவனி’ என்ற சொல் ஏற்கெனவே பிரம்போடு சேர்ந்தது, ‘பாடத்தைக் கவனிச்சியா?’ என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளை, அக்கேள்விக்குத் தேர்வு விடை போலத்தான் பதில் சொல்லும். ‘என்ன தோணுச்சு?’ என்றால் கருத்துச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். பல வாரச் சோதனைக்குப் பின் ‘என்ன தெரிஞ்சுது?’ என்பதில் வந்து நின்றேன். ‘எனக்குத் தெரிஞ்சுது’ என்னும்போது சொல்பவர் எதையும் சாதிக்க வேண்டியதில்லை; வந்ததைச் சொன்னால் போதும். ‘ஏன்’ என்ற கேள்வியைத் தவிர்க்கச் சொல்கிறார்கள், அது விளக்கத்தைத் தேடி ஓடவைக்கும் என்பதால். தமிழில் அதைத் தவிர்க்க இன்னொரு காரணமும் உண்டு: ஆசிரியர் வாயிலிருந்து வரும் ‘ஏன்’ பெரும்பாலும் கண்டிப்பாகவே காதில் விழுகிறது.

இன்குவயரிக்கு ‘விசாரணை’ என்று எழுதினால் காவல் நிலையம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அதே வினைக்கு நம் பேச்சில் இன்னொரு முகம் இருக்கிறது. ‘அம்மாவை விசாரிச்சதாச் சொல்லுங்க’ என்கிறோம். உடம்பு சரியில்லாதவரை ‘விசாரிச்சுட்டு வரலாம்’ என்று போகிறோம். அங்கே யாரும் தகவல் சேகரிக்கப் போவதில்லை. பக்கத்தில் அமர்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டு, சொல்வதைக் காதில் வாங்கிவிட்டு வருகிறோம். பயிற்றுநர்கள் ஆர்வம், கனிவு என்று நீண்ட நேரம் விளக்கியதை இந்த ஒரு சொல் எனக்குப் பிடித்துக்கொடுத்தது. இப்போது என் வகுப்பில் அந்தப் பகுதிக்கு ‘விசாரிப்பு’ என்றுதான் பெயர்.

உடலைப் பற்றிப் பேசத் தமிழ் மாணவர்களுக்குச் சொற்பஞ்சமே இல்லை. வயிற்றைப் பிசைந்தது, நெஞ்சை அடைத்தது, தொண்டையில் ஏதோ நின்றது, கை கால் வெலவெலத்தது என்று உணர்ச்சியைச் சரியாக உடலில் வைத்தே நாம் பேசிவந்திருக்கிறோம். இது ஒரு பெரும் வசதி. ஆனால் இத்தொடர்கள் வாயில் தயாராக இருப்பவை என்பதால், சொல்பவர் உண்மையில் வயிற்றைப் பார்த்துச் சொன்னாரா, பழக்கத்தில் சொன்னாரா என்று ஆசிரியர் மெல்லத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ‘இப்பவும் இருக்கா?’ என்ற சிறு கேள்வி அதற்கு உதவுகிறது.

இனி உண்மையான குறைகள். பயிற்றுநர்கள் செய்து காட்டிய உரையாடல்கள் அனைத்தும், பல ஆண்டுப் பயிற்சியுள்ள, பேசத் தயங்காத பங்கேற்பாளர்களோடு நடந்தவை. கேள்வி கேட்டால் எழுந்து நின்று, தலை குனிந்து, ‘நல்லா இருந்துச்சு மேம்’ என்று சொல்லிவிட்டு உட்காரக் காத்திருக்கும் பத்தொன்பது வயது மாணவியோடு என்ன செய்வது என்பதற்கு எட்டு வாரத்தில் ஒரு காட்சி கூட இல்லை. நின்றுகொண்டு யாரும் தம் மூச்சைப் பற்றி உண்மை பேசமாட்டார்கள் என்பதை நானே கண்டுகொண்டு, பெஞ்சுகளை ஒதுக்கி, பாய் விரித்து வட்டமாக உட்காரவைத்தேன். நானும் கீழேயே அமர்ந்தேன். அதற்குப் பின்னும் எழுந்து நிற்கும் பழக்கம் போக மூன்று வாரம் ஆயிற்று. முதலில் இருவர் இருவராகப் பேசிவிட்டுப் பிறகு வட்டத்தில் பேசுவது என்ற வழி நன்றாகப் பயன்பட்டது. இது வகுப்பில் சொல்லித்தந்ததுதான், ஆனால் கூச்சமுள்ளவர்களுக்கான வழியாக யாரும் எடுத்துக்காட்டவில்லை.

இதைவிட முக்கியமான குறை, எங்கே நிறுத்துவது என்பதற்கு ஆறாம் வாரத்தில் அரை மணி நேரம் மட்டுமே ஒதுக்கியது. என் மாணவிகள் மருத்துவமனை வார்டுகளுக்குப் போகிறவர்கள். முதன்முதலில் ஒரு நோயாளியின் இறப்பைப் பார்த்த வாரத்தில், உடலைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் பயிற்சியின் நடுவே ஒரு பெண்ணுக்கு அந்த முகம் வந்துவிட்டது. ‘அது உடம்புல எங்க இருக்கு?’ என்று அப்போது கேட்பது கற்பித்தல் ஆகாது. கண்ணைத் திறக்கச் சொல்லி, பாதம் தரையில் படுவதை உணரச் சொல்லி, ஜன்னலுக்கு வெளியே தெரியும் ஏதாவது ஒன்றைப் பார்க்கச் சொல்லி, “இதை இப்ப பேசணுமா, இல்ல அப்புறம் நாம ரெண்டு பேர் மட்டும் பேசலாமா?” என்று முடிவை அவளிடமே விட்டேன். எனக்கு மனநலச் செவிலியப் பின்னணி இருந்ததால் இது தெரிந்தது. அந்தப் பின்னணி இல்லாமல் இந்த வகுப்பை மட்டும் முடித்துவிட்டு வருபவர், ஆழமாகக் கேட்கும் திறனைப் பெற்று, நிறுத்தும் திறனைப் பெறாமல் வருவார் என்ற கவலை எனக்கு உண்டு. நிறுவனத்துக்கு நான் அனுப்பிய கருத்துப் படிவத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறேன்.

பள்ளி ஆசிரியர்களாக இருந்த பங்கேற்பாளர்கள் இருவரும் சற்று ஏமாற்றத்தோடுதான் சென்றார்கள். பாடம் முழுவதும் பெரியவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இருந்தாலும், பிரித்தானியாவில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தி 2022-இல் வெளியான ‘மிரியட்’ ஆய்வைப் பயிற்றுநர்கள் தாமாகவே எடுத்துப் பேசினார்கள். பதின்பருவத் தொடக்கத்தில் இருக்கும் மாணவர்கள் அனைவருக்கும் பொதுவாக மைண்ட்ஃபுல்னெஸ் கற்பித்தது, பள்ளிகள் வழக்கமாக நடத்தும் சமூக, உணர்வுசார் பாடங்களைவிட மேலான பலன் தரவில்லை என்பது அதன் முடிவு. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே பயிற்சி செய்யவும் இல்லை. தாம் விற்கும் பொருளுக்கு எதிரான சான்றைத் தாமே மேசையில் வைத்தவர்கள் மீது எனக்கு மரியாதை கூடியது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்களுக்கு இந்த வகுப்பை நான் பரிந்துரைக்கமாட்டேன். கல்லூரி மாணவர்களோடும் பெரியவர்களோடும் குறைந்தது ஓராண்டு வகுப்பு எடுத்திருப்பவர்கள், தடுமாற்றம் எங்கே என்று தமக்கே தெரிந்தவர்கள், தயங்காமல் சேரலாம். பத்து நாள் விபாசனா முகாம்களில் நீண்ட பயிற்சி உள்ளவர்களும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: அங்கே மாணவர்கள் தமக்குள் பேசுவதில்லை, ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவதும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடும். நானும் இருமுறை அம்முகாமில் இருந்தவள். அந்த மௌனத்தின் பழக்கம் பயிற்சிக்கு வலு சேர்த்தது. குழுவில் பேசவைக்கும் திறனை அது தரவில்லை, தனியாகத்தான் கற்க வேண்டியிருந்தது.

மேற்பார்வைக்கு நம் வகுப்பின் ஒலிப்பதிவை, மாணவர்களின் சம்மதத்தோடு, அனுப்ப வேண்டும். தமிழ் வகுப்பு என்பதால் நான் சொல்லுக்குச் சொல் எழுதி, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் அனுப்பவேண்டியிருந்தது. ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு மாலைகள் போயின. அந்த உழைப்பே எனக்கு இன்னொரு பாடமாயிற்று. இரண்டாவது மேற்பார்வையில், ஒரு மாணவி சொன்னதை ‘விசித்திரமாக இருந்தது’ என்னும் பொருளில் நான் மொழிபெயர்த்திருந்த இடத்தில் மேற்பார்வையாளர் நிறுத்தினார். அவள் பயன்படுத்திய சொல் என்ன என்று கேட்டார். ‘ஒரு மாதிரி இருந்துச்சு மேம்’ என்பது அவள் வாக்கியம். அதை விளக்க முயன்றேன். பயமாக இருந்தாலும் ஒரு மாதிரி, குமட்டினாலும் ஒரு மாதிரி, அழுகை வந்தாலும், வெட்கமாக இருந்தாலும், காரணம் தெரியாமல் நன்றாக இருந்தாலும்கூட ஒரு மாதிரிதான் என்றேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்படியானால் அவள் எதைச் சொன்னாள்?” என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதற்கு அடுத்து நான் என்ன சொன்னேன் என்று கேட்டார். பதிவை மறுபடி ஓடவிட்டேன். என் குரல், இதமாகவே, “சரிம்மா, அடுத்து யாரு?” என்றது.

அடுத்த வார வகுப்பில் அந்தச் சொல் வேறொரு மாணவியிடமிருந்து வந்தது. வரும் என்று காத்திருந்தேன். “அந்த ஒரு மாதிரி எங்கம்மா இருந்துச்சு?” என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. கை மட்டும் மெல்ல எழுந்து தொண்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் போய் நின்றது. பிறகு சொன்னாள்: “இங்க மேம். பேச வந்து நிறுத்திக்கிட்ட மாதிரி.”